எரிமலைக்கும் விலை கேட்க வாய் வேண்டும்

எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் அந்த நாற்காலிக்கே ஒரு நிமிர்வைக் கொடுத்துவிடுகிற எங்கள் அரங்கத் தலைவர் ஐயா அவர்களே! சற்று முன்பு கரும்பலகையில் இரண்டே கோடுகளை இழுத்து விலைவாசியின் வயிற்றைக் கிழித்துக் காட்டிய பொருளாதார ஆசிரியர் அவர்களே! காலை நீட்ட வசதியாக இருக்கும் என்பதற்காகவே என்றைக்கும் முதல் வரிசையைப் பிடித்துவிடுகிற வணிகப் பெருமக்களே! மின்விசிறிக் காற்று எட்டாத கடைசி வரிசையில் இருந்தாலும் கைதட்டலில் எல்லோரையும் முந்திவிடுகிற தாய்மார்களே, அக்காமார்களே! மேடை ஏறினால் சிங்கமாகவும், மேடை இறங்கினால் மூட்டுவலித் தைலத்தைத் தேடும் முதியவராகவும் இருவேறு பிறவி எடுக்கும் எரிமலை ராக் இசைக்குழுவின் அண்ணன்மார்களே! இவள் எப்போது முடிப்பாள், எப்போது டீ கொடுப்பாள் என்று கதவோரம் காத்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் எல்லோருக்கும், இந்த அரங்கத்தின் கேண்டீனை நடத்தும் உங்கள் சகோதரியின் கைகூப்பிய வணக்கம்.

டீ உண்டு. பேச்சு முடிந்தபிறகுதான் உண்டு. ஆகையால் இடையிடையே கைதட்டி நேரத்தை நீட்டினால் நட்டம் எனக்கு இல்லை.

பார்த்தீர்களா, உடனே தட்டுகிறார்கள்! சொன்ன பேச்சைக் கேட்கிற கூட்டமா இது?

அன்பு நிறைந்த அவையோரே! இன்றைக்கு இந்த உறுப்பினர் கூட்டத்தின் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இந்த அரங்கத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும், நுழைவுச் சீட்டு இன்ன விலைக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைத் தொடுவதா, அப்படியே விடுவதா? கை தூக்கி முடிவு செய்யப் போகிறவர்கள் நீங்கள்.

அப்படியே விட்டால் என்ன ஆகும்? நாளைக் காலையில் ஒரு வண்டி வரும். எரிமலைக் குழுவில் டிரம் வாசிக்கிறாரே, நாமெல்லாம் இடி அண்ணன் என்று அழைக்கிறோமே, அவர் வீட்டு வாசலில் நிற்கும். அவர் வாலிபத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட அந்த டிரம் செட்டை ஏற்றிக்கொண்டு போகும். வாங்குகிறவர் யார்? இன்னொரு கலைஞரா? இல்லை ஐயா, இல்லை! மேசை நாற்காலிக் கடைக்காரர்! பெரிய டிரம்மைப் படுக்கப் போட்டு மேலே ஒரு கண்ணாடியை வைத்தால், பணக்கார வீட்டுக் கூடத்துக்குப் பொருத்தமான மேசை ஆகிவிடுமாம். நம் நெஞ்சை அதிரவைத்த அந்த டிரம்மின் மேல் நாளை மறுநாள் யாரோ ஒருவர் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பத்திரிகை படிப்பார். இதற்கா இடித்தது அந்த இடி? இதற்கா எரிந்தது அந்த எரிமலை?

இந்த விதியைப் போட்டவர் யார் என்று சிலர் பல்லைக் கடிக்கிறீர்கள். போட்டவர் இதோ நடுநாயகமாக அமர்ந்திருக்கிறார், நம் தலைவர் ஐயா. அவரைத் திட்டுவதற்கு முன்னால் ஏன் போட்டார் என்று கேளுங்கள். விலைவாசி பேயாட்டம் ஆடிய ஆண்டு அது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. ஐயா அப்போது நம் டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த இளைஞர். ஒரு தாய், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தாள். ஜன்னலுக்கு அவள் வந்து சேர்ந்த நேரம், மேலாளர் வந்து விலைப்பலகையை மாற்றிப் போட்டுவிட்டார். அந்தத் தாய் பலகையைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், "பாட்டு இன்னைக்கு இல்லையாம்டா, வாங்க" என்று சொல்லித் திரும்பிப் போனாள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கிறது. பிள்ளைகள் அம்மாவின் முகத்தையும் பார்க்கிறார்கள், அரங்கத்தின் சுவரையும் பார்க்கிறார்கள். ஜன்னலுக்குள் இருந்த இளைஞர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பின்னாளில் தலைவராக வந்த முதல் கூட்டத்திலேயே இந்த விதியைக் கொண்டுவந்தார். இது கருணையில் பிறந்த விதி, தோழர்களே! கருணையில் பிறந்ததைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நான் மேலே பேசுகிறேன்.

ஆனால் ஐயா, விதி பிறந்த அன்றைக்கு ஒரு டிக்கெட் விலையில் ஒரு குடும்பமே என் கேண்டீனில் டீயும் ரொட்டியும் சாப்பிடலாம். அதற்குப் பிறகு பால் ஏறியது, பஸ் ஏறியது, பள்ளிக்கூடக் கட்டணம் ஏறியது. வாடகை ஏறியது, வைத்தியம் ஏறியது, விளக்குமாறு கூட ஏறியது! ஏறாமல் நின்ற இடத்திலேயே நின்றது எது? எங்கள் எரிமலையின் நுழைவுச் சீட்டு! இன்றைக்கு ஒரு டிக்கெட்டை விட ஒரு டீ விலை அதிகம். அரங்கத்துக்குள் வருகிறவர்கள் டீ குடிக்க வந்தார்களா, பாட்டுக் கேட்க வந்தார்களா என்று எனக்கே சந்தேகம்.

என்ன அண்ணே, அங்கே தூணுக்குப் பக்கத்தில்? சத்தமாகக் கேளுங்கள். "டீ வெலய ஏத்துனது யாரு"ன்னா? நான்தாண்ணே! வேற யாரு ஏத்துவா? பால்காரர் ஏத்துனாரு, நான் ஏத்துனேன். நீங்க திட்டுனீங்க. திட்டிக்கிட்டே குடிச்சீங்க. மறுநாளும் வந்து, "நேத்து மாதிரி தண்ணியா போடாத"ன்னு சொல்லிட்டுக் குடிச்சீங்க. இப்ப உக்காருங்க.

சிரிக்கலாம். ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது. பால் ஏறினால் மறுநாள் காலையில் என் வாய் திறக்கும். பெட்ரோல் ஏறினால் ஆட்டோக்காரர் வாய் திறக்கும். நூல் ஏறினால் தையல்காரர் வாய் திறக்கும். கித்தார் கம்பி விலை ஏறினால் யார் வாய் திறப்பது? கம்பி அண்ணன் கித்தாரை வாய் பிளக்க வைப்பார், தன் வாயைத் திறக்க மாட்டார். விதி இருக்கிறதே!

ஆசிரியர் ஐயா அழகாகச் சொன்னார். சட்டம் போட்டு விலையை அமுக்கினால் ஒன்று பொருள் சுருங்கும், அல்லது வரிசை நீளும் என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள் நான். எனக்கே புரிந்தது என்றால் அவர் எவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க வேண்டும்! அவர் போட்ட இரண்டு கோடும் கத்தரிக்கோலாகத் தெரிந்தது எனக்கு. அந்தக் கத்தரிக்கோலுக்கு நடுவில் மாட்டிய துணியைப் பற்றி நான் சொல்கிறேன்.

சுருங்கியது எது? ஐந்து பேராக இருந்த குழு சுருங்கியது. கீபோர்டு வாசித்தவர் மருமகனின் பாத்திரக்கடைக்குப் போய்விட்டார். பேஸ் கித்தார் வாசித்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் ஹாரன் அடித்தால் கூடத் தாளம் தப்பாது என்று குழந்தைகள் சாட்சி சொல்கின்றன. மிச்சம் மூவர். பாடுகிற கர்ஜனை அண்ணன், கித்தார் வாசிக்கிற கம்பி அண்ணன், நம் இடி அண்ணன்.

ஆள் சுருங்கியது போதாதென்று பாட்டும் சுருங்கியது! கேளுங்கள் இந்தக் கூத்தை. அச்சகத்தில் புது எந்திரம் வந்தது, ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. என் கேண்டீனில் பெரிய பாய்லர் வந்தது, நூறு பேருக்கு ஒரே மூச்சில் டீ போடுகிறேன். நான்கு நிமிடப் பாட்டை இரண்டு நிமிடத்தில் பாட எந்திரம் உண்டா? அன்றும் நான்கு நிமிடம், இன்றும் நான்கு நிமிடம். அன்றும் மூச்சு, இன்றும் மூச்சு. அதுவும் இன்று வாங்குகிற மூச்சு! அப்படியிருக்க, வேகமாக வாசித்தால் செலவு குறையும் என்று ஒருவர் கண்டுபிடித்தார். யார்? வேறு யார், நம் இடி அண்ணன்தான்.

இவர்களுடைய ஒலிபெருக்கிகள் ஓடுவது டீசல் ஜெனரேட்டரில். அது மேடைக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே நிற்கும். டீசல் விலை ஏறிய மாதம், அண்ணன் டிரம்மை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். வெயிலுக்கு என்று நினைத்தோம். இல்லை. டீசல் முள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம்! முள் இறங்க இறங்க அண்ணனின் கை ஏறுகிறது. அந்த மெதுவான காதல் பாட்டு இருக்கிறதே, எத்தனையோ பேரைக் கல்யாணத்தில் கொண்டுபோய்த் தள்ளிய பாட்டு, அதைத் தீயணைப்பு வண்டி போகிற வேகத்தில் அடித்தார். கர்ஜனை அண்ணன் இரண்டு வரி துரத்திப் பிடித்தார், மூன்றாவது வரியில் மூச்சு முட்டிவிட்டது. திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"டேய், எதுக்குடா இப்பிடித் தொரத்துற?"

"டீசல் தீருதுடா! பேசாமப் பாடு!"

மைக்குக்கு இது ரகசியம் என்று தெரியுமா? அரங்கம் முழுக்கக் கேட்டது. கை கோத்து ஆடத் தொடங்கிய ஜோடிகள் எல்லாம் ஓட்டப்பந்தயக்காரர்கள் போலக் குதித்துவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை. அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் எப்போதும் அழுவார். அன்றைக்கு என்னிடம் வந்து, "என்னடி இது, கர்ச்சீப்ப எடுக்கறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருச்சு! ஒரு சொட்டு அழக் கூட விடலியே!" என்றார். சுருங்கியது பாட்டு மட்டுமா? அந்த அக்காவின் அழுகையும் சுருங்கியதே!

சரி, டிக்கெட்டில் வராததை வேறு வழியில் தேடலாம் என்று துணிந்தார்கள். விதி டிக்கெட்டுக்குத்தானே, பனியனுக்கு இல்லையே! எரிமலை படம் போட்ட பனியன் அச்சடித்து வாசலில் விற்றார்கள். நல்ல யோசனை. நல்ல துணி. நல்ல சாயம். அளவு? அளவு எடுத்தது கர்ஜனை அண்ணன். தம்முடைய பழைய மேடைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, "இதே அளவுக்கு அடிங்க" என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டார்! ஈர்க்குச்சி மாதிரி அவர் மெலிந்து நின்ற காலத்துச் சட்டை அது. வந்து நிற்கும் ரசிகர்களைப் பாருங்கள். முதல் வரிசையைப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள் முதலாளி அண்ணே, பரவாயில்லை, நம் கூட்டம்தானே! ஒருவர் தலைக்கும் அந்தப் பனியன் இறங்கவில்லை. இன்றைக்கு இந்த ஊர் வேன்களின் கண்ணாடியெல்லாம் எரிமலைப் படத்தால்தான் துடைக்கப்படுகின்றன. அவர்கள் கண்ணில் ரசிகர்களுக்கு வயதே ஆகவில்லை, அவ்வளவுதான். அந்தத் தப்பை வேறு யார் செய்வார்கள்?

இது சுருங்கிய கதை. நீண்ட வரிசையின் கதை வேண்டுமா? மதிலோரம் கேளுங்கள். டிக்கெட் ஜன்னல் திறக்குமுன் முதல் ஆளாக நின்று, கட்டுக்கட்டாக வாங்கி, மாலையில் அதே டிக்கெட்டை மூன்று மடங்குக்கு விற்கிற ஒரு மாப்பிள்ளை நம் நடுவில் இருக்கிறார். மாப்ள, குனியாத! குனிஞ்சாலும் அந்தத் தொப்பி தெரியுது! இப்பக் கூட சட்டைப்பையில ரெண்டு டிக்கெட் வச்சிருப்ப. மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்று மடங்கு கொடுத்து வாங்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது. கொடுக்கிறீர்கள், நீங்களே கொடுக்கிறீர்கள்! அந்தப் பணம் டிரம் அடித்த கைக்குப் போனதா? கம்பி இழுத்த விரலுக்குப் போனதா? வரிசையில் நின்ற காலுக்கல்லவா போனது!

போன நிகழ்ச்சியில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். டிரம்மின் தோல் கிழிந்திருந்தது. புதுத் தோல் வாங்க முடியாமல் ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தார் இடி அண்ணன். உச்சக்கட்டத்தில் ஓங்கி அடித்தார். இடி வரவில்லை. அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் ஒரு சத்தம். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நம்மைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க" என்றார். நாம் பெருந்தன்மையாகக் கைதட்டினோம். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கேண்டீனில் வந்து உட்கார்ந்தார். டீ வைத்தேன். காசை எடுத்து வைத்தார்.

"உங்ககிட்ட வாங்கறதில்லண்ணே, எடுங்க" என்றேன்.

"வாங்கிக்கம்மா. நீயாவது உன் வெலய வாங்கு" என்றார்.

"கைதட்டுனாங்களேண்ணே, அப்புறம் என்ன?"

"பாவப்பட்டுத் தட்டுனாங்க. அது எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தார். "நீ டீ வெலய ஏத்துனா உன்னத் திட்டுறாங்கல்ல, அதப் பாத்து எனக்குப் பொறாமையா இருக்கும்மா. திட்டிட்டும் வர்றாங்கன்னா, உன் டீ அவங்களுக்கு வேணும்னு அர்த்தம். எங்களுக்கு அந்தத் திட்டு கூடக் கெடைக்கல. நான் ஒரு வெல கேக்கணும். அதிகம்னு நீங்க வராமப் போனா, சரி, நமக்கு வயசாயிருச்சுன்னு நானே குச்சியக் கீழ வச்சிருவேன். கேக்கவே விடலன்னா, நான் நல்லா வாசிக்கிறனா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வித்துறலாம்னு முடிவு பண்ணிட்டேன். மேசையாவாவது யாருக்காச்சும் ஒதவட்டும்."

கேட்டீர்களா அவையோரே! அவர் பணம் கேட்கவில்லை, பரிதாபம் கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. விலை கேட்க ஒரு வாய் கேட்கிறார்! டீக்காரிக்கு உள்ள வாய், ஆட்டோக்காரருக்கு உள்ள வாய், அரங்கமே அதிர வாசிக்கும் அண்ணனுக்கு இருக்கக் கூடாதா?

என்ன அக்கா, எழுந்துவிட்டீர்கள்? ஆஸ்பத்திரி அக்கா கேட்கிறார், எல்லோரும் அமைதியாக இருங்கள். "நீ நல்லாத்தான் பேசுற. வெல ஏறுனா நான் எங்கடி போவேன்? எனக்கு வேற என்ன இருக்கு இந்த ஊர்ல?"

உட்காராதே அக்கா, நின்றுகொண்டே கேள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கினால், என் பேச்சுக்கு மரியாதையே இல்லை. அன்றைக்கு ஜன்னலில் இருந்து திரும்பிப் போன தாய்க்கும் நீதானே தங்கச்சி! ஆனால் ஒன்று பார். நீ இரவெல்லாம் விரிப்புத் துவைத்துவிட்டு வருகிறாய், இந்த விலை கொடுக்கிறாய். முதல் வரிசையில் ஜவுளிக்கடை முதலாளி அண்ணன் காரில் வந்து இறங்குகிறார், அவரும் இதே விலைதான் கொடுக்கிறார். கருணை உனக்காகப் பிறந்தது. அதில் பாதியை அவரல்லவா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! கோபிக்காதீர்கள் முதலாளி அண்ணே. நீங்கள் கேட்டு வாங்கவில்லை, விதி ஊட்டிவிடுகிறது.

ஆகவே இந்த அவையின் முன் நான் வைக்கும் வேண்டுகோள் இது. பின்னால் இருக்கும் வரிசைகள் தலைவர் ஐயா வைத்த பழைய விலையிலேயே இருக்கட்டும். அதன் மேல் யாரும் கை வைக்க வேண்டாம். ஜன்னலில் ஓர் ஆளுக்கு ஒரு டிக்கெட், அதையும் முகம் பார்த்துக் கொடுப்போம். மாப்பிள்ளைக்கு வேறு தொழில் நானே பார்த்துத் தருகிறேன், கேண்டீனில் தம்ளர் கழுவ ஆள் தேவைப்படுகிறது. முன் வரிசைகளுக்கு எரிமலைக் குழு தன் விலையைத் தானே சொல்லட்டும். பிடித்தவர் கொடுப்போம், பிடிக்காதவர் திட்டுவோம். திட்டு வாங்கவாவது அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம்!

தலைவர் ஐயா எழுந்து நிற்கிறார். ஐயா, சொல்லுங்கள். வாக்கெடுப்பா? இப்போதேயா? நல்லது. அவையோரே, ஒத்துக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். இசைக்குழு அண்ணன்மார்கள் உறுப்பினர்கள் இல்லை, அவர்கள் கையைக் கீழே வைக்கட்டும். கர்ஜனை அண்ணே, ரெண்டு கையும் தூக்குறீங்களே, கீழ போடுங்க!

அதோ, ஆஸ்பத்திரி அக்கா கை! அவர் பின்னால் கடைசி வரிசை முழுக்க! தூணோரத்து அண்ணன்! ஆசிரியர் ஐயா! முதலாளி அண்ணே, உங்க கை? யோசிங்க, யோசிங்க, அவசரமில்ல... ஆ, வந்துவிட்டது! பெருமனசு! மேடையில் திரும்பிப் பார்க்கிறேன், விதி எழுதிய கையே உயர்ந்து நிற்கிறது. ஐயா! உங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்?

தீர்மானம் நிறைவேறியது என்று ஐயா அறிவிக்கிறார். இடி அண்ணனை மேலே அனுப்புங்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டால் விட்டுவிடுவோமா? வாங்கண்ணே. பார்த்து, படி. இந்தாங்க மைக். இந்த அரங்கத்தில் உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்.

"அடுத்த நிகழ்ச்சிக்கு..."

நிறுத்துங்கள், நிறுத்துங்கள்! கேட்டீர்களா? அடுத்த நிகழ்ச்சி என்கிறார்! அப்படியென்றால் நாளைக்கு வருகிற வண்டி வெறுமனே திரும்பிப் போகும். என்னண்ணே, சரிதானே? தலையை ஆட்டுகிறார்! இப்போது தட்டுங்கள் கையை, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை!

சொல்லுங்கண்ணே. முன் வரிசைக்கு என்ன விலை?

"வந்து... பழைய வெலயோட... ஒரு கால் பங்கு சேத்து வச்சுக்கலாமா? அதிகமா இருக்கோ?"

ஐயோ அண்ணே! இத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்து, கேட்கவே மறந்துவிட்டதே உங்களுக்கு! கூட்டம் என்ன சொல்கிறது? "பத்தாது!" எங்கே, இன்னொரு தடவை? "பத்தாது! பத்தாது!" உலகத்தில் எந்தச் சந்தையிலாவது வாங்குகிறவர்கள் நின்றுகொண்டு விலையை ஏற்றச் சொல்லிக் கூச்சல் போட்டதுண்டா?

"சரிம்மா, ரெண்டு மடங்கு."

"பத்தாது!"

"மூணு... மூணு மடங்கு. போதுமாப்பா?"

அதோ, கடைசி வரிசையிலிருந்து ஆஸ்பத்திரி அக்கா கத்துகிறார்: "நாலு கேளுண்ணே! முன்னாடி உக்காந்திருக்கவங்க குடுப்பாங்க! மெதுவா வாசிச்சாச் சரி!"

நான்கு மடங்கு என்று இடி அண்ணன் தம் வாயால் சொல்கிறார். சத்தமாகச் சொல்கிறார். நிமிர்ந்து நின்று சொல்கிறார். முதல் வரிசையில் ஒரு முதலாளி "அநியாயம், அநியாயம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பணப்பையைத் திறக்கிறார். அண்ணே, காதில் விழுந்ததா? திட்டுகிறார் அண்ணே, உங்களைத் திட்டுகிறார்!

சிரிப்பைப் பாருங்கள் அந்த முகத்தில்!

என் வாய்க்கு இவ்வளவு நேரம் வேலி போடாமல் விட்ட தலைவர் ஐயாவுக்கும், கோடு போட்டு வழி காட்டிய ஆசிரியருக்கும், கேள்வி கேட்டு என்னைத் திணறவைத்த அக்காவுக்கும், கிண்டலைப் பொறுத்துக்கொண்ட முதல் வரிசைக்கும், உயர்ந்த ஒவ்வொரு கைக்கும் என் நன்றியைக் காணிக்கையாக்கி, அடுத்த நிகழ்ச்சியில் அவரவர் விலையில், அவரவர் வரிசையில் சந்திக்கலாம் என்று சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்!